கண்ணாடி நம்பர் மாறவில்லை, ஆர்.ஜி.பி. லென்ஸ் நம்பர் மட்டும் ஏன் ஏறியது?

ரோஸ்ஹில் டீச்சர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மொரிஷியஸ், ரோஸ்ஹில்லிலிருந்து எழுதுகிறேன். வயது 42. ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இருபது வயதிலிருந்து ஆர்.ஜி.பி. என்ற கெட்டி கான்டாக்ட் லென்ஸ்தான் போடுகிறேன். நடுவில் இரண்டு முறை சாஃப்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தேன். சிலிண்டர் (கண் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளையாத குறை) இருப்பதால் கரும்பலகை எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்துகொண்டே இருந்தது. விட்டுவிட்டேன்.

வலது கண்தான் பிரச்சினை. பழைய லென்ஸ் அட்டையில் பேஸ் கர்வ் (லென்சின் உள்வளைவு) 7.80, விட்டம் 9.6, பவர் மைனஸ் 3.25 என்று இருக்கும். இரண்டு வருடமாக அந்த லென்ஸ் காது பக்கமாக நழுவி நழுவி உட்கார்ந்தது. க்யூர்பிப்பில் அக்கா வீட்டுக்குப் போய் இரவில் தூறலில் திரும்பும்போது எதிரே வரும் வண்டி விளக்கு ஒவ்வொன்றும் வால் முளைத்து நீளும். ஜனவரியில் புதிதாக ஒருவரிடம் போனேன். கண்ணில் மஞ்சள் சொட்டு விட்டு, நீல விளக்கில் பார்த்தார். "லென்ஸ் அகலம் அதிகம், தளர்ந்து நிற்கிறது" என்று சொல்லி வேறு லென்ஸ் கொடுத்தார்: 7.65, விட்டம் 9.0, பவர் மைனஸ் 4.00. அதே அட்டையில் 'கே 7.80 / 7.54' என்றும் எழுதியிருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியாது.

லென்ஸ் அருமையாக இருந்தது. நகரவில்லை, விளக்கு வாலும் போய்விட்டது. ஆனால் மைனஸ் 3.25 இருந்த இடத்தில் 4.00 என்று பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கண் போயிற்று. மோக்காவில் பாரதியார் பெயரில் இருக்கிற கண் மருத்துவமனைக்கு அவரைக் கையைப் பிடித்து எத்தனை வருடம் கூட்டிப்போயிருக்கிறேன். கண் சம்பந்தமாக எந்த எண் ஏறினாலும் எனக்குப் பயம். அதே நாளில் கண்ணாடிக்கும் சோதித்தார்கள். அது நான்கு வருடமாக இருப்பதுதான்: மைனஸ் 3.50, சிலிண்டர் மைனஸ் 1.50, ஆக்ஸிஸ் 180. கண்ணாடி ஏறாமல் லென்ஸ் மட்டும் எப்படி ஏறும்?

இத்தோடு முடிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். மே மாதம் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கும்போது அந்தப் புது லென்ஸ் இரண்டாக உடைந்தது. கொடுத்தவர் விடுமுறையில் வெளிநாடு போயிருந்தார். அவசரத்துக்கு நான் முன்பு வாங்கிக்கொண்டிருந்த கடைக்கே போனேன். அவர்களிடம் என் பழைய அளவு 7.80, 9.6 பதிவில் இருந்தது. கைபேசியில் இருந்த புது அட்டையைக் காட்டினேன். "அளவு எங்களிடம் இருக்கிறது, பவரை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். மூன்று வாரத்தில் லென்ஸ் வந்தது: 7.80, 9.6, மைனஸ் 4.00.

இப்போது தூரம் பளிச்சென்று தெரிகிறது. பஸ் நம்பர், கடைசி பெஞ்சுப் பிள்ளையின் முகம் எல்லாம் சுத்தம். ஆனால் நோட்டுத் திருத்த உட்கார்ந்தால் நான்காவது ஐந்தாவது நோட்டிலேயே நெற்றி வலிக்கிறது. நம் நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழ் எழுத்தை வலது கண்ணால் மட்டும் பார்க்க, கையை நீட்ட வேண்டியிருக்கிறது. ஜனவரி லென்சில் இப்படி இல்லை. இரண்டும் மைனஸ் 4.00 தானே? என் கண் மோசமாகிறதா, வயசா, லென்சா?

பம்ப்ளமூஸ் அக்கா:

தங்கச்சி, பயப்படாதே. நாற்பது தாண்டினால் கிட்டப் பார்க்கத் தனிக் கண்ணாடி வரத்தான் செய்யும். எனக்கு 44-இல் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை என்கிறாய், அதனால் உனக்கும் சர்க்கரை பார்த்துவிடு, சொட்டு விட்டு விழித்திரையையும் காட்டிவிடு. அதில் சோம்பல் வேண்டாம். முருங்கைக்கீரை வாரம் இரண்டு நாள் சேர்.

இன்னொன்று. வலதும் இடதும் மாறியிருக்கிறதா என்று பார்த்தாயா? நான் ஒருமுறை ஒரு வாரம் முழுக்க மாற்றிப் போட்டுக்கொண்டு தலைவலி தலைவலி என்று புலம்பியிருக்கிறேன்.

க்யூர்பிப் பெரியவர்:

டீச்சர், வணக்கம். க்யூர்பிப்பில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் 31 வருடம் லென்ஸ் பொருத்தினேன். இப்போது ஓய்வு. உங்கள் பதிவைப் படித்துவிட்டு இதை எழுதாமல் படுக்கப் போக மனம் வரவில்லை.

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் கண் பவர் ஏறவில்லை. நான்கு வருடமாக நகராத கண்ணாடிச் சீட்டே அதற்குச் சாட்சி. ஜனவரியில் லென்ஸ் பொருத்தியவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். மே மாத லென்சில்தான் பிழை. ஒரு லென்சின் வளைவையும் இன்னொரு லென்சின் பவரையும் எடுத்து ஒட்டவைத்து மூன்றாவது ஒன்றைச் செய்துவிட்டார்கள். அந்த மூன்றாவது லென்ஸ் யார் கண்ணுக்கும் அளந்து செய்ததில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஜி.பி. லென்ஸ் விறைப்பானது. சாஃப்ட் லென்ஸ் ஈரத்துணி போலக் கண்ணின் மேல் படிந்துவிடும். இது தன் வளைவை விட்டுக்கொடுக்காது. அதனால் லென்சுக்கும் கார்னியாவுக்கும் (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிந்த படலம்) நடுவே கண்ணீர் தேங்கி நிற்கும். அந்தக் கண்ணீருக்கு ஒரு முன்வளைவும் ஒரு பின்வளைவும் உண்டு. முன்வளைவு லென்சின் உள்பக்கம், பின்வளைவு உங்கள் கார்னியா. இரண்டு பக்கமும் வளைவு இருக்கிற எதுவும் ஒளியை மடக்கும். ஆக, நீங்கள் கண்ணில் போடுவது ஒரு லென்ஸ், உங்கள் கண்ணில் வேலை செய்வது இரண்டு. இரண்டாவதைக் கண்ணீர் லென்ஸ் என்போம். அதற்கு யாரும் விலைச்சீட்டு ஒட்டுவதில்லை, அட்டையில் எழுதுவதும் இல்லை. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

மழை விட்டதும் கொல்லையில் சேம்பிலையைப் பாருங்கள். இலையில் ஒட்டாமல் உருண்டு நிற்கும் தண்ணீர்த்துளிக்குக் கீழே இருக்கிற நரம்பு பெரிதாகத் தெரியும். துளியின் மேல்பக்கம் புடைத்திருக்கிறது, அதனால் அது பிளஸ் லென்ஸ். உங்கள் கண்ணிலும் அதுதான். லென்சின் உள்வளைவு கார்னியாவைவிடக் குழிந்திருந்தால், அதாவது நாங்கள் 'ஸ்டீப்' என்று சொல்வது, நடுவில் கண்ணீர் புடைத்து நின்று பிளஸ் ஆகிறது. லென்ஸ் கார்னியாவைவிடத் தட்டையாக, 'ஃப்ளாட்'டாக இருந்தால் நடுவில் கண்ணீர் ஒடுங்கி ஓரத்தில் தடிக்கிறது. அது மைனஸ். உங்களுக்கு மஞ்சள் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்த்தாரே, அந்தச் சொட்டு ஃப்ளூரெசின். கண்ணீர் தடித்த இடம் பச்சையாக ஒளிரும், லென்ஸ் தொடும் இடம் கருக்கும். நடுவில் பச்சைக் குளம் கட்டினால் ஸ்டீப், நடு கருத்து ஓரம் அகலமாகப் பச்சை விட்டால் ஃப்ளாட். கண்ணீர் லென்சை நேரில் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 31 வருடத்தில் ஒரு நாளும் அந்தப் பச்சை எனக்குச் சலித்ததில்லை.

இப்போது உங்கள் எண்கள். பேஸ் கர்வ் மில்லிமீட்டரில் இருக்கிறது. ஒரு உருண்டையின் ஆரம் அது. ஆரம் குறைந்தால் உருண்டை சிறிது, வளைவு அதிகம். அதனால் 7.65 என்பது 7.80-ஐவிட ஸ்டீப். எண் குறைய வளைவு ஏறுவது புதிதாக வந்தவர் எல்லோரையும் குழப்பும். 337.5-ஐ ஆரத்தால் வகுத்தால் டயாப்டர், அதாவது ஒளியை மடக்கும் பவரின் அளவு, கிடைக்கும். கார்னியாவின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டரில் எழுதியிருக்கும் கணக்கு இதுதான். 7.80-க்கு 43.27, 7.65-க்கு 44.12. வித்தியாசம் 0.85. உங்கள் அட்டையில் 'கே' என்று இருப்பது கார்னியாவின் அளவு. அதில் தட்டையான திசை 7.80. பழைய லென்சும் 7.80 என்பதால் அந்தத் திசையில் கண்ணீர் லென்சுக்குப் பவரே இல்லை, பூஜ்யம். புது லென்ஸ் 7.65 ஆனதும் கண்ணீர் பிளஸ் 0.85 ஆகிவிட்டது. உங்களுக்கு வேண்டாத பிளஸ் அது. அதைக் கழிக்க லென்சில் அந்த அளவுக்கு மைனஸ் கூட்ட வேண்டும். மைனஸ் 3.25-உடன் மைனஸ் 0.85 சேர்த்தால் மைனஸ் 4.10. லென்ஸ் வழக்கமாகக் கால் கால் டயாப்டராக வரும், அதனால் மைனஸ் 4.00.

கூட்டிப் பாருங்கள். மைனஸ் 4.00-உம் கண்ணீரின் பிளஸ் 0.85-உம் சேர்ந்தால் மைனஸ் 3.15. பழையதில் மைனஸ் 3.25-உம் பூஜ்யமும். உங்கள் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றே. கண்ணாடியில் 3.50 இருப்பதேன் என்று கேட்பீர்கள். கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. கிட்டத்தில் கொண்டுவந்தால் மைனஸ் கொஞ்சம் குறைந்தால் போதும், உங்கள் 3.50 கண்ணின் மேல் 3.36 ஆகிறது. எல்லாம் ஒத்துப்போகிறது பாருங்கள்.

நாங்கள் மனக்கணக்கில் வைத்திருக்கும் விதி இது: 0.05 மில்லிமீட்டருக்குக் கால் டயாப்டர். ஸ்டீப் ஆக்கினால் மைனஸ் கூட்டு, ஃப்ளாட் ஆக்கினால் பிளஸ் கூட்டு. ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாம் ஃபாப்' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். உங்களுக்கு 0.15 மாறியது, மூன்று கால், 0.75. 3.25-உடன் 0.75, நேராக 4.00.

மே லென்சுக்கு வருவோம். வளைவு பழையபடி 7.80. கண்ணீர் மறுபடி பூஜ்யம். ஆனால் பவர் மட்டும் பிளஸ் கண்ணீரை எதிர்பார்த்து எழுதிய மைனஸ் 4.00. கழிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் கழித்தால்? உங்கள் வலது கண் இப்போது 0.75 அதிக மைனஸ் சுமக்கிறது. அதிக மைனஸில் தூரம் மங்காது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் முயன்று அதை ஈடுகட்டிவிடும், சில பேருக்கு எழுத்து இன்னும் கருமையாகத் தெரிவதுபோலக்கூட இருக்கும். அதனால்தான் பஸ் நம்பர் உங்களுக்குப் பளிச். கிட்டத்தில்தான் அந்தக் கடனைக் கேட்கும். 40 சென்டிமீட்டரில் நோட்டு வைத்துப் படிக்கக் கண் 2.50 முயல வேண்டும். உங்கள் கண் இப்போது 3.25 முயல்கிறது, அதுவும் இடது கண்ணுக்கு அந்தச் சுமை இல்லாதபோது. உங்கள் வகுப்புப் பிள்ளைக்கு இதைப் போட்டால் கவனிக்கக்கூட மாட்டான். 42 வயதில் கையிருப்பு குறைவு, நெற்றி வலிக்கத்தான் செய்யும்.

பம்ப்ளமூஸ் அக்கா சொன்ன வயசுக் கதையும் உண்மைதான், அது இன்னும் சில வருடத்தில் உங்களைத் தேடி வரும். ஆனால் ஜனவரியில் நன்றாகப் படித்த கண் மே மாதத்தில், லென்ஸ் மாறிய நாளிலிருந்து படிக்கவில்லை என்றால் அதை வயசின் தலையில் போடக் கூடாது. அவர் சொன்ன சர்க்கரை, விழித்திரைப் பரிசோதனையை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். சர்க்கரையால் விழித்திரை கெட்டதா என்பதை லென்ஸ் பவரை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் அப்பாவுக்கு வந்தது வேறு இடத்து நோய்.

விட்டத்தையும் அவர் குறைத்தது எதற்கு என்று ஒரு வார்த்தை. உங்கள் லென்ஸ் அகலமாக இருந்து வெளிப்பக்கம் நழுவியது. சிறிதாக்கினால் இமை இழுப்பது குறையும். ஆனால் அதே வளைவில் லென்சைச் சிறிதாக்கினால் அதன் குழிவு ஆழம் குறைந்து, இன்னும் தளர்வாக உட்காரும். அந்தத் தளர்வைச் சரிக்கட்ட வளைவை ஏற்ற வேண்டும். உங்கள் கார்னியா இரண்டு திசையில் இரண்டு வளைவு, 7.80, 7.54. ஒன்றரை டயாப்டர் வித்தியாசம். அப்படிப்பட்ட கண்ணில் தட்டைத் திசைக்கே சமமாக லென்ஸ் வைத்தால் மற்ற திசையில் ஓரம் தூக்கிக்கொண்டு ஆடும். வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளைவை ஏற்றுவது வழக்கம், அது 0.10. விட்டத்துக்காக இன்னொரு 0.05. கணக்கு 7.65-இல் வந்து நிற்கிறது. அந்த மனிதர் யோசித்துத்தான் செய்திருக்கிறார், அவரை விடாதீர்கள்.

அந்த ஒன்றரை டயாப்டர் சிலிண்டர் லென்சில் எங்கே போயிற்று என்றும் கேட்கலாம். அதையும் கண்ணீர்தான் விழுங்கியது. கார்னியாவின் ஒளிவிலகல் எண் 1.376, கண்ணீருக்கு 1.336. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கார்னியாவின் மேடு பள்ளத்தைக் கண்ணீர் நிரப்பினால் முன்பக்கச் சிலிண்டரில் பத்தில் ஒன்பது பங்கு மறைந்துவிடும். சாஃப்ட் லென்சில் உங்களுக்கு நிழல் விழுந்ததும் இதில் விழாததும் அதனால்தான்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்து இரண்டாவது வருடம். ஒரு பஸ் டிரைவர், லென்ஸ் தளர்வாக இருக்கிறது என்று வந்தார். 7.90-ஐ 7.75 ஆக்கினேன், பவரை அப்படியே எழுதி அனுப்பினேன். உங்களுக்கு நடந்ததற்கு நேர் எதிர். கண்ணீர் பிளஸ் ஆகிவிட்டது, கழிக்க மைனஸ் இல்லை. லென்ஸ் போட்டுக்கொண்டு போன மனிதர் மறுநாளே திரும்பி வந்தார். போர்ட் லூயிக்கு இறங்கும் சாலையில் பலகை எழுத்து தெரியவில்லை, பழைய கண்ணாடியைப் போட்டு ஓட்டினேன் என்றார். முப்பது நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவர். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு பதறுகிறது. அதற்கப்புறம் வளைவை மாற்றி எழுதிய எந்த ஆர்டரையும் பவரைத் திருத்தாமல் நான் உறையில் போட்டதில்லை.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கடையில் தொங்கும் படிப்புக் கண்ணாடி, பிளஸ் 1.00, யாரிடமாவது வாங்குங்கள். மே லென்சைப் போட்டு, இடது கண்ணை மூடி, அந்தக் கண்ணாடி வழியாகத் தூரத்து எழுத்தை ஒரு பத்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள். லென்ஸ் சரியானது என்றால் பிளஸ் 1.00 தூரத்தை நன்றாக மங்கடிக்க வேண்டும். மங்காமல் ஏறக்குறைய அப்படியே தெரிந்தால் அதிக மைனஸ் உள்ளே இருக்கிறது. இது பரிசோதனைக்கு மாற்று ஆகாது, கடைக்காரரிடம் பேசப் போகும் முன் உங்கள் மனம் தெளிய மட்டும்.

திரும்ப ஆர்டர் கொடுக்கும்போது 7.65, 9.0, மைனஸ் 4.00, மூன்றையும் ஒரே அட்டையிலிருந்து எழுதச் சொல்லுங்கள். என்ன பிளாஸ்டிக், நடுத்தடிமன் எவ்வளவு என்பதும் அட்டையில் இருந்தால் அதையும்.

வாக்வா தம்பி:

ஐயா, இவ்வளவு விளக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குக் கெரட்டோகோனஸ், கார்னியா மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய், வயது 26. உங்கள் விதியை என் லென்சில் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. பழையது 6.50, மைனஸ் 9.50. போன மாதம் 6.30 ஆக்கினார்கள். 0.20 என்றால் நான்கு கால், ஒரு டயாப்டர், அதாவது மைனஸ் 10.50 வர வேண்டும். வந்திருப்பது மைனஸ் 11.25. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இதில் என் நோய் ஏறியது எவ்வளவு, கண்ணீர் எவ்வளவு?

டீச்சர் அக்காவுக்கு: உங்கள் நெற்றி வலி எனக்குப் புரிகிறது. ஒரு வருடம் நானும் இப்படித்தான் மாத்திரை போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

க்யூர்பிப் பெரியவர்:

தம்பி, நீ சொன்னது சரி, நான் ஒரு எல்லையைச் சொல்லாமல் விட்டேன். கால் டயாப்டர் விதி 7.80 சுற்றுவட்டாரத்துக்கு மட்டும்தான் நியாயமாக இருக்கும். வளைவு ஏற ஏற ஒவ்வொரு 0.05-உம் அதிக எடை பெறும். 6.50-இல் அதே 0.05 சுமார் 0.40 ஆகிவிடுகிறது. வகுத்துப் பார்: 337.5-ஐ 6.50-ஆல் வகுத்தால் 51.92, 6.30-ஆல் வகுத்தால் 53.57. வித்தியாசம் 1.65. மைனஸ் 9.50-உடன் 1.65 சேர்த்தால் 11.15. உனக்கு வந்தது 11.25. ஆக, ஏறின ஒன்றே முக்காலில் அநேகமாக முழுவதும் கண்ணீர் கணக்கு. நோய் ஏறியதா என்பதை லென்ஸ் பவரில் தேடாதே. கார்னியாவின் வரைபடம் எடுக்கிறார்களே, டோபோகிராஃபி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல். தடிமனையும் கேள். அங்கேதான் பதில் இருக்கும். 26 வயது என்பதால் இதைத் தள்ளிப்போடாதே, கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடு.

கெரட்டோகோனஸில் இந்தக் கணக்கு எல்லாம் ஒரு உத்தேசம்தான். கூம்பு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், கெரட்டோமீட்டர் அளக்கும் இடமும் லென்ஸ் உட்காரும் இடமும் வேறு வேறு. அதனால் சோதனை லென்சைக் கண்ணில் போட்டு, நன்றாகப் படியவிட்டு, அதன் மேலே சோதனைக் கண்ணாடி வைத்து மிச்சப் பவரைப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. அதிலும் ஒரு கண்ணி உண்டு. சோதனை லென்ஸ் மைனஸ் 3.00, மேலே மைனஸ் 8.00 வேண்டியிருந்தது என்று வை. நேராகக் கூட்டி 11.00 என்று எழுதக் கூடாது. மேலே வைத்த 8.00 கண்ணாடித் தூரத்தில் இருக்கிறது, கண்ணின் மேல் அது 7.30 தான். ஆர்டர் 10.25. நாலுக்கு மேல் போனால் இந்தத் திருத்தம் இல்லாமல் எழுதவே கூடாது.

பம்ப்ளமூஸ் அக்கா:

ஐயா, இதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். என் மகள் சாஃப்ட் லென்ஸ் போடுகிறாள். கம்பெனி மாற்றினதில் 8.6 இருந்தது 8.4 ஆகியிருக்கிறது. பவர் அதே மைனஸ் 2.50. 0.20 மாறியும் பவர் மாறவில்லையே, தப்பா?

க்யூர்பிப் பெரியவர்:

தப்பு இல்லை அம்மா. சாஃப்ட் லென்ஸ் கார்னியாவின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். அடியில் இருக்கும் கண்ணீர் மெல்லிய, ஒரே சீரான படலம், பவர் கிடையாது. அதில் 8.6, 8.4 என்பது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைத்தான் காட்டும். கண் சிவந்தால், மாலையில் லென்ஸ் எடுக்கக் கஷ்டப்பட்டால், அப்போது கேளுங்கள்.

ரோஸ்ஹில் டீச்சர்:

ஐயா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை வெள்ளைத்தாளில் பிரதி எடுத்து, கூட்டல் கழித்தலை என் கையாலேயே போட்டுப் பார்த்தேன். 337.5 வகுத்தல் 7.80. பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் தோழியும் சரி பார்த்தாள்.

சனிக்கிழமை அம்மாவின் படிப்புக் கண்ணாடியை, பிளஸ் 1.00 தான், எடுத்துக்கொண்டு ரோஸ்ஹில் மெட்ரோ நிறுத்தத்துக்குப் போனேன். மே லென்ஸ், இடது கண்ணை மூடி. முதல் இரண்டு நிமிடம் மங்கலாக இருந்தது. அப்புறம் மெல்ல எதிர்ப்பக்கப் பலகை எழுத்து ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்துவிட்டது! அதன் பிறகு மங்கவே இல்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். அப்பாவின் கண் மாதிரி ஆகிறதோ என்று ஐந்து மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அது.

அப்புறம் நடந்தது இது. ஜனவரியில் பொருத்தியவர் திரும்பிவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரரைக் கோபிக்காமல் அட்டையை வாங்கி 7.65, 9.0, மைனஸ் 4.00 என்று புதிதாக எழுதி, வளைவு என்ற எண்ணையும் பவர் என்ற எண்ணையும் ஒரே வட்டத்துக்குள் போட்டுக் கொடுத்தார். ஆர்டர் செய்யும் முன் மூன்று நாள் வலது லென்ஸ் போடாமல் வரச் சொல்லி மறுபடி 'கே' பார்த்தார். கெட்டி லென்ஸ் வருடக்கணக்கில் கார்னியாவை அமுக்கி வைத்திருக்கும், அது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். 7.80, 7.54, அதேதான்.

நேற்று லென்ஸ் வந்தது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஜனவரி லென்சில் இல்லாத ஒன்று, இதில் கண்ணை இமைத்ததும் எழுத்துக்குக் கீழே மெல்லிய நிழல் வந்து போகிறது. அளவு எல்லாம் அதே.

க்யூர்பிப் பெரியவர்:

சந்தோஷம் டீச்சர். அந்த நிழலுக்கு நடுத்தடிமனைக் கேளுங்கள். ஒன்றரை டயாப்டர் சிலிண்டர் உள்ள கண்ணில், கொஞ்சம் ஸ்டீப்பாக வைத்த லென்ஸ் மெல்லியதாக இருந்தால் இமைக்கும்போது வளையும். வளைந்தால் கார்னியாவின் சிலிண்டர் கொஞ்சம் அதற்கும் தொற்றிக்கொள்ளும். லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே அதன் மேல் கெரட்டோமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு திசையிலும் ஒரே எண் வந்தால் லென்ஸ் வளையவில்லை, வேறு காரணம் தேடலாம். வேறு வேறு எண் வந்தால் தடிமனை 0.02 ஏற்றினாலே பல பேருக்குச் சரியாகிவிடும். வளைவை 0.05 ஃப்ளாட் ஆக்குவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் பவர் மைனஸ் 3.75 ஆக வேண்டும், இந்த முறை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவீர்கள்.

ரோஸ்ஹில் டீச்சர்:

போட்டுப் பார்த்தேன் ஐயா. 7.70. மைனஸ் 3.75. சரியா?

க்யூர்பிப் பெரியவர்:

சரி.